மலையேறும் லாரிக்கு எந்த எண்ணெய்?

"அண்ணே, பின்னாலே தொண்ணூறு ஊத்தட்டுமா, நூத்திநாப்பது ஊத்தட்டுமா?"

தேனி மாவட்டத்தின் லாரிப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. 'பின்னாலே' என்பது லாரியின் பின் அச்சின் நடுவே பானைபோல் உருண்டு பருத்திருக்கும் டிஃபரென்ஷியலைக் குறிக்கும். தொண்ணூறும் நூற்றுநாற்பதும் அதில் ஊற்றும் எண்ணெயின் எண்கள்.

பெரியகுளத்து மாம்பழமும் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சையும் வாழைத்தாரும் லாரியில்தான் வெளியூர் போகின்றன. போடிமெட்டிலும் குமுளியிலும் ஏறி இறங்கும் வண்டிகளில் பல, வயதானவை. அவற்றின் கையேடுகள் காணாமற் போயிருக்கும். கையேடு சொல்லும் எண்ணெய் கடையில் அதே பெயரில் கிடைக்காது. அப்போது எதை ஊற்றுவது? தவறினால் பல்லாயிரம் ரூபாய்ப் பற்சக்கரம் பாழாகும். மலைச்சரிவில் உயிருக்கே ஆபத்தும் நேரலாம்.

மாணவ நண்பர்களே! பட்டறைக் கேள்வி போலத் தோன்றும் இதற்கு விடை உங்கள் இயற்பியல், வேதியியல் பாடங்களில் இருக்கிறது. வாருங்கள், அதைத் தேடிக் காண்போம்.

டிஃபரென்ஷியல் என்ன செய்கிறது?

லாரி ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்புவதாகக் கொள்வோம். உட்புறச் சக்கரம் சிறிய அரைவட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய அரைவட்டத்திலும் செல்கின்றன. இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் 1.8 மீட்டர் என்றால், வெளிச்சக்கரம் கூடுதலாகக் கடக்கும் தூரம் எவ்வளவு? அரைவட்டத்தின் நீளம் 'பை' பெருக்கல் ஆரம். ஆரங்களின் வேறுபாடு 1.8 மீட்டர். ஆகவே விடை 3.14 × 1.8, அதாவது சுமார் 5.65 மீட்டர். வளைவு பெரியதாக இருந்தாலும் சிறியதாக இருந்தாலும் இந்த விடை மாறாது! தாளில் போட்டுப் பாருங்கள்.

இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டினால், ஒவ்வொரு வளைவிலும் ஏதேனும் ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபடும். அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளித்து, இரண்டுக்கும் எஞ்சினின் விசையைப் பகிர்ந்து தருவதே டிஃபரென்ஷியல். பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளர் ஒனேசிஃபோர் பெக்கேர் 1827-இல் நீராவி வண்டி ஒன்றுக்காக இதற்கு உரிமம் பெற்றார்.

அந்தப் பானைக்குள் மற்றொரு வேலையும் நடக்கிறது. எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சி, குறுக்கே இருக்கும் அச்சுக்கு மாற வேண்டும். வேகம் குறைந்து திருப்புவிசை கூட வேண்டும். இதற்கு ஒரு சிறிய பற்சக்கரமும் ஒரு பெரிய பற்சக்கரமும் உள்ளன. பட்டறையில் அவற்றைப் பினியன், கிரவுன் என்பார்கள். லாரிகளில் பினியன் ஆறேழு முறை சுற்றினால்தான் கிரவுன் ஒரு முறை சுற்றும். எஞ்சினின் முழு வலிமையும் எந்த நேரத்திலும் சில பற்களின் வழியாகவே சென்றாக வேண்டும். எண்ணெய்ச் சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

உருளுதலும் வழுக்குதலும்

இரு உள்ளங்கைகளுக்கு இடையே ஒரு பென்சிலை வைத்து உருட்டுங்கள். கை சூடேறாது. பென்சிலை எடுத்துவிட்டு உள்ளங்கைகளை அழுத்தித் தேயுங்கள். நொடியில் சூடேறும். உருளுதலுக்கும் வழுக்குதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பழைய அமைப்பில் பினியனின் அச்சுக்கோடு கிரவுனின் மையத்தை நோக்கி நேராக இருக்கும். இது சுருள் கூம்புப் பற்சக்கரம். இதன் பற்கள் ஓரளவு உருண்டும் ஓரளவு வழுக்கியும் இணைகின்றன. 1926-இல் அமெரிக்காவின் பேக்கார்டு கார் நிறுவனம் வேறொரு வகையைக் கொண்டுவந்தது. அதில் பினியனின் அச்சுக்கோடு கிரவுனின் மையத்திலிருந்து கீழே தள்ளி அமைந்தது. இதற்கு 'ஹைப்பாய்டு' என்று பெயர். இதில் பினியனைப் பருமனாகச் செய்யலாம்; ஓசையும் குறைவு. ஆனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று நீளவாக்கிலும் வழுக்குகின்றன. வலிமை கூடியது, அதற்கு விலையாக உராய்வும் கூடியது.

நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய டாட்டா 1613 போன்ற லாரிகளின் பின் அச்சு ஹைப்பாய்டு வகையே. அதற்கு முந்தைய தலைமுறை வண்டிகளில் சுருள் கூம்பு வகையும் உண்டு. பழைய பிரிட்டிஷ் பேருந்துகள் சிலவற்றில் வெண்கலச் சக்கரத்துடன் கூடிய புழுப் பற்சக்கர அமைப்புகூட இருந்தது. எனவே எண்ணெய் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உள்ளே இருப்பது எந்தப் பற்சக்கரம்?" என்பதே.

எண்ணெய்ப் படலம் எப்படித் தாங்குகிறது?

குளத்து நீரில் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக எறிந்தால் அது தத்தித் தத்திச் செல்கிறது. அதே சில்லை மெதுவாக வைத்தால் மூழ்கிவிடுகிறது. வேகம் இருக்கும்வரை நீர் அதைத் தாங்குகிறது. எண்ணெயும் ஏறக்குறைய இப்படித்தான். ஓடும் பரப்பு எண்ணெயைக் குறுகலான இடைவெளிக்குள் இழுத்துச் செல்லும்போது, அங்கே அழுத்தம் உண்டாகி இரு உலோகங்களையும் பிரித்து நிறுத்துகிறது. 1883-இல் இங்கிலாந்தில் பூஷாம்ப் டவர் என்ற பொறியாளர் இரயில் அச்சுத்தாங்கியைச் சோதித்தபோது, அதில் துளைத்த ஓட்டையை மூடியிருந்த அடைப்பான் எண்ணெயின் அழுத்தத்தால் வெளியே தள்ளப்பட்டது. மூன்று ஆண்டுகளில், 1886-இல், ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

இந்தப் படலத்தின் தடிமன் மூன்றைப் பொறுத்தது: எண்ணெயின் பாகுநிலை, பரப்புகளின் வேகம், மேலே உள்ள சுமை. பாகுநிலையும் வேகமும் கூடினால் படலம் தடிக்கும். சுமை கூடினால் மெலியும்.

பற்கள் தொடும் இடம் மிகச் சிறியது. அங்கே அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து டன்னையும் தாண்டும். அத்தனை அழுத்தத்தில் எண்ணெய் பிதுங்கி ஓடிவிட வேண்டாமா? இயற்கை இங்கே ஒரு விந்தை செய்கிறது. அழுத்தம் ஏற ஏற எண்ணெயின் பாகுநிலை பல மடங்காகப் பெருகுகிறது. கார்ல் பாரஸ் 1893-இல் இதை வாய்பாடாக எழுதினார். பற்களுக்கு இடையே சிக்கிய எண்ணெய் நொடியின் சிறு பகுதிக்கு ஏறக்குறையத் திடப்பொருள் போலாகிறது! எஃகுப் பற்களும் மிகச் சிறிதளவு அமுங்கிக் கொடுக்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்துதான் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ள படலத்தைக் காப்பாற்றுகின்றன.

மலைப்பாதை வைக்கும் தேர்வு

சமவெளியில் ஓடும் லாரிக்கு வேகம் அதிகம், சுமை மிதம். படலம் நன்றாக நிற்கும். மலையேற்றத்தில் நிலைமை நேர்மாறு. சக்கரம் மெல்லச் சுழல்கிறது. முதல் கியரில் திருப்புவிசை மிகுதி. வேகம் குறைந்து, சுமையும் கூடுகிறது. போதாதென்று எண்ணெய் சூடேறி இளகுகிறது. படலத்தை மெலிவிக்கும் மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவிடுகின்றன.

எவ்வளவு சூடு? ஒரு கணக்குப் போடுவோம். சரக்குடன் 15 டன் எடையுள்ள லாரி, போடியிலிருந்து போடிமெட்டு நோக்கி ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏறுகிறது. தேவைப்படும் ஆற்றல்:

15,000 × 9.8 × 1000 = 14 கோடியே 70 லட்சம் ஜூல்.

இதில் நூற்றுக்கு மூன்று பங்கு பற்சக்கரங்களில் வெப்பமாக வீணாவதாகக் கொண்டால், சுமார் 45 லட்சம் ஜூல். டிஃபரென்ஷியலில் 6 லிட்டர் எண்ணெய், அதாவது 5.4 கிலோகிராம் இருக்கட்டும். அதன் தன்வெப்பம் கிலோவுக்கு 2000 ஜூல். அதைச் சூழ்ந்த இரும்பு 100 கிலோகிராம் இருக்கட்டும். அதன் தன்வெப்பம் 460 ஜூல். இரண்டும் சேர்ந்து ஒரு டிகிரி சூடேற 56,800 ஜூல் வேண்டும். 45 லட்சத்தை இதனால் வகுத்தால் ஏறக்குறைய 80 டிகிரி!

உண்மையில் காற்று இந்த வெப்பத்தில் பெரும்பகுதியை எடுத்துச் சென்றுவிடும். ஆகவே வெப்பநிலை இவ்வளவு உயராது. ஆயினும் பின் அச்சு ஏன் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அச்சின் மேல் சேறு அப்பிக் காய்ந்திருந்தால் வெப்பம் வெளியேறுவது தடைப்படும் என்பதையும் ஊகிக்கலாம்.

இறக்கத்திலும் பற்களுக்கு ஓய்வில்லை. கியரில் இறங்கும் வண்டியைச் சக்கரங்கள் தள்ள, எஞ்சின் தடுக்கிறது. அப்போது பற்களின் மறுபக்க முகம் சுமையைத் தாங்குகிறது.

டப்பாவில் உள்ள எண்கள்

எண்ணெய் டப்பாவில் '80 டபிள்யூ-90' அல்லது '85 டபிள்யூ-140' என்று எழுதியிருக்கும். இவை எஸ்.ஏ.ஈ. எனப்படும் அமெரிக்கத் தானியங்கிப் பொறியாளர் சங்கம் வகுத்த எண்கள். வலப்பக்க எண், 100 டிகிரி செல்சியசில் உள்ள பாகுநிலையைக் குறிக்கும். 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை. 140 என்றால் 24 முதல் 32.5 வரை.

'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 80 டபிள்யூ எண்ணெய் சுழியத்துக்குக் கீழே 26 டிகிரி வரையிலும், 85 டபிள்யூ எண்ணெய் சுழியத்துக்குக் கீழே 12 டிகிரி வரையிலும் பயன்படத்தக்க இளக்கத்துடன் இருக்கும். கொடைக்கானலின் கடுங்குளிரே அந்த அளவுக்குப் போவதில்லை. ஆகவே நம் பகுதி லாரிக்கு இடப்பக்க எண் பெரிய கவலையில்லை. வலப்பக்க எண்ணே முக்கியம். பழைய கையேட்டில் வெறும் 'எஸ்.ஏ.ஈ. 90' என்றிருந்தால், இன்று கடையில் உள்ள 80 டபிள்யூ-90 அந்த இடத்துக்குப் பொருந்தும்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. எஞ்சின் எண்ணெய் 40, கியர் எண்ணெய் 90. ஆகவே கியர் எண்ணெய் இரு மடங்குக்கு மேல் கெட்டியானது என்று நினைப்பார்கள். தவறு! எஸ்.ஏ.ஈ. 40 எஞ்சின் எண்ணெயின் பாகுநிலை 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை. இது கியர் எண்ணெய் 90-க்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டுக்கும் அளவுகோல்கள் வேறு, அவ்வளவே.

அப்படியானால் 140-ஐயே எல்லா வண்டிக்கும் ஊற்றிவிடலாமா? கூடாது. கெட்டி எண்ணெயைக் கலக்கிச் சுழற்றவே ஆற்றல் வீணாகும், அதுவும் வெப்பமாகும். காலையில் வண்டி புறப்படும்போது, பினியனின் முன்பக்கத் தாங்கிக்கு அது விரைந்து போய்ச் சேராது. தயாரிப்பாளர் 90 சொன்ன வண்டிக்கு 90-ஏ முறை. பெருஞ்சுமை, நீண்ட ஏற்றம், கடும் வெயில் ஆகியவற்றுக்கு 140 ஊற்றலாம் என்று கையேடு இடம் தந்தால், மலைப்பாதை வண்டிக்கு அது ஏற்றது. பற்கள் தேய்ந்து இரைகிற வண்டிக்கு 140 ஊற்றினால் ஓசை அடங்கும். ஓசைதான் அடங்கும், தேய்மானம் அடங்காது.

தன்னைத் தந்து இரும்பைக் காக்கும் கந்தகம்

பாகுநிலை மட்டும் போதுமா? ஹைப்பாய்டு பற்களில் படலம் சில நேரம் அறுந்தே தீரும். அந்தக் கணத்தில் இரும்பின் நுண்ணிய முகடுகள் ஒன்றையொன்று உரசி, பற்றவைத்தது போல் ஒட்டிப் பிய்யும். பல்லின் முகம் சிராய்த்துப் பாழாகும்.

இதைத் தடுக்க எண்ணெயில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த கூட்டுப்பொருள்களைக் கலக்கிறார்கள். இவை சாதாரண நேரத்தில் சும்மா இருக்கும். உரசும் முகட்டில் வெப்பம் திடீரென்று ஏறியதும் இரும்புடன் வினைபுரிந்து, இரும்புச் சல்பைடு போன்ற மெல்லிய பூச்சை உண்டாக்கும். அந்தப் பூச்சு எளிதில் வழுக்கும், எளிதில் உதிரும், உதிர்ந்த இடத்தில் மீண்டும் உண்டாகும். பூச்சு தேயும், பல் பிழைக்கும். இவ்வகை எண்ணெய்க்கே 'ஈ.பி.', அதாவது மிகை அழுத்த எண்ணெய் என்று பெயர்.

நம் முன்னோர் மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து 'வண்டி மை' போட்டார்கள். விளக்கெண்ணெயின் மூலக்கூறுகள் உலோகத்தில் நன்கு ஒட்டிக்கொள்ளும். கரித்தூள் இடையே நின்று உரசலைத் தணிக்கும். வேதியியல் வேறு, நோக்கம் ஒன்றே. மேலைநாடுகளில் ஒரு காலத்தில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைக் கந்தகத்துடன் சேர்த்துக் கியர் எண்ணெயில் கலந்தார்கள். 1970-இல் அமெரிக்கா அத்திமிங்கலத்தை அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. வேதியியலார் மாற்றுப் பொருள்களுக்கு மாறினார்கள்.

டப்பாவில் 'ஜி.எல்.-4', 'ஜி.எல்.-5' என்று காண்பது இந்தக் காப்பு ஆற்றலின் படிநிலை. இதை வகுத்தது ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம். ஜி.எல்.-1 என்பது ஏறக்குறையக் கலப்பில்லாத எண்ணெய். ஜி.எல்.-5 இல் ஜி.எல்.-4 ஐப் போல் ஏறத்தாழ இரு மடங்கு காப்புப் பொருள் உண்டு. ஹைப்பாய்டு டிஃபரென்ஷியலுக்கென்றே அமைந்தது அது.

"அப்படியானால் கியர் பெட்டிக்கும் அதையே ஊற்றலாமே?" என்று கேட்பீர்கள். வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள கந்தகக் கூட்டுப்பொருள்களின் வேலை அது. செம்பும் கந்தகத்துக்கு எளிதில் இரையாகும். கியர் பெட்டியில் பித்தளை, வெண்கலத்தால் ஆன வளையங்கள் இருக்கலாம். சூடேறிய எண்ணெயில் வினைத்திறன் மிக்க கந்தகம் இருந்தால் அவை அரிக்கப்படும். இதைக் கண்டறியவே, மெருகிட்ட செம்புத் தகட்டைச் சூடான எண்ணெயில் சில மணி நேரம் ஊறவைத்து நிறமாற்றத்தைப் பார்க்கும் சோதனை உள்ளது. ஆகவே பொதுவான விதி இது: ஹைப்பாய்டு டிஃபரென்ஷியலுக்கு ஜி.எல்.-5, கியர் பெட்டிக்குக் கையேடு சொல்வது, பல வண்டிகளில் அது ஜி.எல்.-4. வெண்கலப் புழுச்சக்கரம் உள்ள மிகப் பழைய அச்சுக்கு, அதற்கெனச் சொல்லப்பட்ட எண்ணெய் மட்டுமே.

எண்ணெய் பிரேக்கைக் கெடுக்குமா?

கெடுக்கும். மலைச்சாலையில் மிக முக்கியமான செய்தி இதுதான்.

டிஃபரென்ஷியல் கூட்டின் மேல் 'பிரீதர்' என்ற சிறு மூச்சுக்குழல் உண்டு. வண்டி சூடேறும்போது உள்ளே காற்று விரியும். அது இவ்வழியே வெளியேற வேண்டும். சார்லஸ் விதி உங்களுக்குத் தெரிந்ததே: 27 டிகிரியிலிருந்து 102 டிகிரிக்குச் சூடேறினால், காற்று தன் பருமனில் கால் பங்கு கூடுதலாக விரிய முயலும். மூச்சுக்குழல் சேற்றால் அடைபட்டால் அழுத்தம் ஏறி, எண்ணெயை ஆயில் சீல் வழியாகத் தள்ளும். அது அச்சுத்தண்டு வழியே சக்கரக் குடத்துக்குப் போய், பிரேக் டிரம்மில் கசியும். எண்ணெய் பட்ட பிரேக் லைனிங் பிடிக்காது. சுமையுடன் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது இதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

"கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே" என்று அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் இதே ஆபத்தில் முடியும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டுத் துளையின் கீழ் விளிம்புவரை எண்ணெய் நின்றால் போதும்.

முடிவெடுக்கும் முறை

இப்போது ஒரு பழைய லாரியின் உரிமையாளர் உங்களிடம் ஆலோசனை கேட்பதாகக் கொள்ளுங்கள். படிப்படியாகச் சொல்லுங்கள்.

1. கையேட்டையோ அச்சின் தகட்டையோ பார்த்துப் பற்சக்கர வகையை உறுதி செய்க. இரண்டும் இல்லாவிட்டால் பினியன் தண்டு நுழையும் இடத்தைக் கவனிக்கலாம். அது அச்சின் மையத்துக்குக் கீழே இருந்தால் ஹைப்பாய்டாக இருக்கலாம். அனுபவமுள்ள மெக்கானிக் உறுதி செய்ய வேண்டும்.

2. ஹைப்பாய்டு என்றால் ஜி.எல்.-5 தரம். இதில் சமரசம் இல்லை.

3. பாகுநிலை எண்ணைக் கையேட்டின்படி தேர்க. சமவெளிக்குப் பெரும்பாலும் 90. கையேடு அனுமதித்தால், சுமையுடன் நாள்தோறும் மலையேறும் வண்டிக்கு 140.

4. பழைய எண்ணெய் சூடாக இருக்கும்போதே முழுதும் வடிக்கவும். பால் போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. அடைப்பானின் காந்தத்தில் நுண்பொடி இருந்தால் இயல்பு. செதில் அல்லது பல்துண்டு இருந்தால் எண்ணெய் மாற்றிப் பயனில்லை, கூட்டைத் திறக்க வேண்டும்.

5. மூச்சுக்குழலையும் ஆயில் சீலையும் பார்க்காமல் வேலையை முடிக்கக் கூடாது.

6. வடித்த எண்ணெயை ஓடையில் கொட்டக் கூடாது. பெரியகுளத்தில் கொட்டும் எண்ணெய் வராக நதிக்குப் போய்ச் சேரும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரமான கழிவு. உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

உயரமான கண்ணாடிக் குழாய் ஒன்றில் விளக்கெண்ணெய் நிரப்புங்கள். மேலும் கீழும் இரு கோடுகள் வரைந்துகொள்ளுங்கள். சைக்கிள் பால்ஸ் குண்டு ஒன்றைப் போட்டு, அது ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு குழாயை வெந்நீரில் கால் மணி நேரம் நிறுத்தி மீண்டும் செய்யுங்கள். (எண்ணெயை அடுப்பில் நேரடியாகச் சூடாக்க வேண்டாம்.) ஒவ்வொரு வெப்பநிலையிலும் நான்கு முறை செய்து சராசரி காணுங்கள். வெப்பநிலையை ஓர் அச்சிலும் நேரத்தை மற்றோர் அச்சிலும் வைத்து வரைபடம் போடுங்கள். அது நேர்கோடாக வருகிறதா, வளைகோடாக வருகிறதா?

அந்த வரைபடத்தைப் பக்கத்துப் பட்டறை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஏற்றத்தில் எண்ணெய் இளகுவதை அவர் பல ஆண்டுகளாகக் கையால் உணர்ந்திருப்பார். எண்ணாலும் கோட்டாலும் நீங்கள் காட்டுவதை அவரும், கையால் அறிந்ததை அவர் சொல்ல நீங்களும், தெரிந்துகொள்ளலாம்.